இடம்

தட்டு காலி என்றேன்.
நயாரெத் ஒன்றும் சொல்லவில்லை.
தட்டைப் பிடித்து அரைச்சுற்று திருப்பினாள்.
பாதி மீன் வந்தது,
ஆறிப்போன உருளைக்கிழங்கு வந்தது,
எலுமிச்சைத் துண்டுகூட.
இத்தனை நாள் அரை வயிற்றோடு
ஆஸ்பத்திரிச் சமையற்காரனைத் திட்டியிருக்கிறேன்.

மூளையின் வலப்பக்கம் ஏதோ அடைத்துக்கொண்டதாம்.
இடம் போனது.
இடப்பக்கத்தைச் சொல்கிறேன்;
வேலை செய்த இடம் போனது அப்புறம்தான்.
கண்ணில் குறையில்லை.
அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே
மறந்துபோனது, அவ்வளவுதான்.
பாதி முகம் மழித்துவிட்டு
கண்ணாடியில் முழு மனிதனாக நின்றேன்.
இஸ்மெனியா சிரித்தாள்.
பிறகு குளியலறைக் குழாயை
ரொம்ப நேரம் திறந்துவைத்திருந்தாள்.

என்ன வேலை பார்த்தீர்கள், கேட்டாள் நயாரெத்.
பார்த்தேன் இல்லை, பார்க்கிறேன்.
எழுதியதை அடித்துத் திருத்தினாள்.
வல்பராய்சோவில் முப்பத்தோரு வருடம் ரொட்டி.
நடுவில் ஒரு கோடு அழுத்தினால்
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று,
பிட்டால் இரண்டு பேருக்கு ஆகும்
எங்கள் துறைமுகத்து ரொட்டி.

பயிற்சி என்றால் பந்து உருட்டுவது என்று நினைத்திருந்தேன்.
சட்டை போடச் சொன்னாள், இடக்கை முதலில்.
ஒரு சட்டைக்கு ஒரு காலைப்பொழுது ஆனது.
தேநீர் ஊற்றச் சொன்னாள்.
ஊற்றினேன், கோப்பைக்கு வெளியே.
மேசையின் இட ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டினாள்.
"சிவப்பு தெரியும்வரை தலையைத் திருப்புங்கள்.
தெரியவில்லையா, இன்னும் திருப்பவில்லை."

ஐந்தாம் வாரம் சந்தைக்கு அனுப்பினாள்.
குன்றிலிருந்து இறங்கும் படிக்கு
இடப்பக்கம் மட்டும்தான் கைப்பிடி.
எவன் கட்டினானோ.
மூன்று எலுமிச்சை, ஒரு கட்டு கொத்தமல்லி,
மீதிச் சில்லறையை எண்ணி வாங்க வேண்டும்.
ஒருத்தியின் தக்காளிப் பெட்டியில் மோதினேன்.
"கண்ணில்லையா கிழவா?"
இருக்கிறது அம்மா, அதுதான் விஷயமே.
நயாரெத் நாலடி தள்ளி நின்று
வெங்காயம் பொறுக்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்தாள்.
உதவிக்கு வரவில்லை.
பேருந்தில் அவளை வெறுத்துக்கொண்டே வந்தேன்,
இரண்டு நிறுத்தம் வரைக்கும்.

விடிகாலை நாலு மணிக்கு ரொட்டிக்கூடத்துக்கும் வந்தாள்,
கொட்டாவியும் குறிப்பேடுமாக.
புளித்த மாவின் வாசம் என்னை அடையாளம் கண்டது.
கலிக்ஸ்தோ கட்டிப்பிடித்துவிட்டு
கவனமாக என் வலப்பக்கம் வந்து நின்றான்.
யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.
தகடு நிறைந்துவிட்டது, எடுத்துக்கொள் என்றேன்.
பாதித் தகடு வெறும் இரும்பு.
யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

அடுப்பு வேண்டாம் என்றாள்.
முப்பத்தோரு வருடம் என்றேன்.
அடுப்புக்கு அது தெரியாது என்றாள்.
மாவு உலர உலரச் சண்டை போட்டோம்.
கடைசியில் கோடு அழுத்தும் மேசை,
வாரம் மூன்று நாள், இரண்டு மணி நேரம்,
ஒவ்வொரு பலகையிலும் சிவப்பு நாடா.
முதலாளி அரைச் சம்பளம் என்றார்.
அரை எனக்குப் பழகிய சொல்.

நேற்று இருநூற்று நாற்பது ரொட்டி.
அதில் பதினொன்றை விட்டுவிட்டேன்.
கோடில்லாமல், யாரோடும் பங்கு போடாத முகத்தோடு
உருண்டையாக வெந்து வந்தன.
கலிக்ஸ்தோ அவற்றைத் தனிக்கூடையில் போட்டு
விலை குறைத்து எழுதினான்.
ஏழு மணிக்குள் விற்றுப்போயின.

வீட்டுக்கு நடக்கையில் இஸ்மெனியாவைக் காணோம்.
மாதக்கணக்காக வலப்பக்கமே வந்தவள்.
பெயர் சொல்லிக் கத்தப் போனேன்.
பிறகு தலையைத் திருப்பினேன்,
இன்னும் கொஞ்சம்,
கழுத்து வலிக்க இன்னும் கொஞ்சம்.
சால்வையின் சிவப்பு.
"எப்போதிருந்து இங்கே வருகிறாய்?"
"எலுமிச்சைக் கடையிலிருந்து" என்றாள்.