சின்னக் கியர்

குவாரி ஏலத்தில் எடைக்குப் போக இருந்தது.
எடைக்கு மேல் ஆறாயிரம் வைத்து எடுத்தேன்.
அறுபத்தெட்டு மாடல் ஜீப்.
தரைத்தகட்டு ஓட்டையில்
ராயக்கோட்டை ரோடு தெரிந்தது.

பட்டறை இதாயத்துல்லா
அடியில் படுத்துப் பார்த்தார்,
வெளியே வந்து ஒரு டீ குடித்தார்,
மறுபடி படுத்தார்.
"மேடம், முன்வீலுக்குப் போற ஷாஃப்டே இல்ல.
எவனோ கழட்டி வித்திருக்கான்.
இத்தனை வருஷமும் இது
பின்னங்கால்ல நடந்திருக்கு."

ஷாஃப்ட் கிடைத்தது பெங்களூரில்.
மடியில் படுக்கவைத்து பஸ்ஸில் வந்தேன்.
கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போட்டார்.
பதினாலு மாதம்.
அக்கா பாக்கியவதி மட்டும்
வாராவாரம் கணக்குச் சொன்னாள்:
இந்தக் காசுக்கு
பேங்கில் கிடக்கும் வளையலை மீட்டிருக்கலாம்.

ஐப்பசி மழை விட்ட மறுநாள்
அஞ்செட்டி தாண்டி ஓர் ஆற்றுமணல்.
பின்சக்கரங்கள்
தம் குழியைத் தாமே தோண்டின.
பக்கத்து சீட்டில் அக்கா,
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

குட்டைக் குச்சியைப் பிடித்து இழுத்தேன்.
கீழே ஒரு 'டக்'.
இதுவரை சும்மா உருண்டுவந்த முன்சக்கரங்கள்
மணலைக் கடித்தன.
மூக்கு எழும்பியது.
ஈரம் எங்கள் முகத்தில், கண்ணாடியில், வளையலில்லாத அவள் கையில்.

அக்கரையில் அவள்
செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டாள்:
"வரும்போதும் இதே வழிதானே?"

தார் ரோடு ஏறியதும்
ஸ்டியரிங் கனத்தது.
திருப்பத்தில் டயர் முனகுகிறது.
காய்ந்த ரோட்டில் நாலையும் ஓட்டாதீங்க,
பல் போயிடும்
என்று சொல்லித்தான் அனுப்பினார் இதாயத்துல்லா.

தள்ளிவிட வேண்டும்.
தள்ளுவேன்.
இந்த வளைவு முடியட்டும்.