முப்பதுக்குக் குறைந்தவை

“முப்பது சிப்புக்குக் குறைந்த லாட்டையெல்லாம் தூக்கிவிடு,
சராசரி கண்டபடி ஆடுகிறது” என்று
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொல்லிப் போனார் தியோ.

அவர் சொன்னதில் பிழையில்லை.
தனிமரம் தோப்பாகாது.
நான் எழுதும் மொழியில் அந்தப் பழமொழி ஒரே வரி:
ஏர் ஈத்தாம் சந்தையில் வெங்காயத்தைக் கூறுகட்டுவதுபோல்
லாட் எண்படி கூறுகட்டு,
கூறுக்குக் கூறு எண்ணிப்பார்,
முப்பதோ மேலேயோ இருந்தால் இருக்கட்டும்.

எட்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் வரிசைகள் உள்ளே போயின.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு திரும்பி வரவில்லை.
கோணல்மாணலாகக் கிடந்த கோடு
தலைமையாசிரியரைக் கண்ட வகுப்பாய் நேராக நின்றது.

பாயான் லெப்பாஸில் இரவு பத்தேமுக்கால்.
கிளம்பியிருக்கலாம்.
பாலம் இந்நேரம் காலியாக இருக்கும்,
பிறையில் ரொட்டிக்கடை மூடியிருக்காது.
ஏனோ
சமன்கோட்டை அழித்தேன்,
அம்புமுனையைத் திருப்பிப் போட்டேன்.
சல்லடை பன்னாடை ஆயிற்று:
கள்ளைக் கீழே விட்டுவிட்டு
செத்த வண்டைப் பிடித்து வைத்துக்கொண்டது.

நாற்பத்தோரு லாட்டுகள்.
ஒன்றில் இருபத்தொன்பது. ஒரே ஒரு சிப்பில் தவறியது.
அதன்மேல் எனக்குத் தனிப் பரிதாபம்;
கணக்கில் ஒரு மார்க்கில் போனவன் நான்,
இன்று கணக்கில்தான் சோறு.
ஒன்றில் பதினொன்று: மின்சாரம் கண்சிமிட்டிய இரவு.
சீனப் பெருநாளுக்கு முந்திய நாள் மட்டும் மூன்று லாட்டுகள்,
ஆளுக்கு ஆள் பாதியில் போட்டுவிட்டு
பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கிறார்கள்.

ஒன்றில் நான்கு.
நான்கும் தேறியவை.
மெஷின் ஆறு, அதிகாலை மூன்று ஐம்பத்திரண்டு, ஆபரேட்டர் 2291.
குறிப்புப் பத்தியை நான் இதுவரை ஏற்றியதேயில்லை;
எண்ணைக் கூட்டலாம், எழுத்தைக் கூட்டி என்ன வரும் என்று.
இன்று ஏற்றி
எழுத்துக்கூட்டி வாசித்தேன்.
மலாயில் ஒரே சொல்: தாங்ஙான்.
கை.

2291-ஐத் தேடினேன்.
அதற்கு முன் முந்நூற்றெண்பது லாட்டுகள்,
ஒவ்வொன்றும் வயிறு நிறைந்தவை.
அதற்குப் பின் ஐம்பத்திரண்டு நாள் ஒரு வரிசைகூட இல்லை.
அப்புறம் பேக்கிங் கோப்பில் அதே எண்.

கீழே போய் ஹயாத்தியிடம் கேட்டேன்.
“ஓ, தில்குமாரி. நேப்பாளம்.
இப்போ இடது கையால ஸ்டிக்கர் ஒட்டுறா. வேகம்தான்.”
சொல்லிக்கொண்டே முகமூடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்புகள்,
யார் யாரென்று தெரியாத ஒரே கூறு.

மேலே வந்தேன்.
விழுந்தவற்றை மட்டும் மறுபடி கூறுகட்டினேன்,
இம்முறை மெஷின்படி.
மற்றவற்றுக்கெல்லாம் இரண்டு, மூன்று, ஒன்று.
ஆறாம் மெஷினுக்குப் பதினேழு.

பதினேழு.
தியோவின் விதிப்படி
அதுவும் போகவேண்டியதுதான்.

கோடு நேராக நிற்கும் படத்தை முதல் பக்கத்தில் வைத்தேன்,
கேட்டது அதுதானே.
பின்னால் பதினேழு வரிசையில் ஓர் அட்டவணை,
அதில் குறிப்புப் பத்தியும்.
அனுப்பிவிட்டு, லிஃப்டுக்கு நிற்கையில் போன் அதிர்ந்தது:
“இரண்டாவது பக்கம் எதற்கு?”

“கை” என்று தட்டினேன்.
அழித்தேன்.
“ஆறாம் மெஷின்” என்று அனுப்பினேன்.