நாற்பது அடி

காலை ஏழரைக்கு முதல் நடை.
பன்னிரண்டாயிரம் லிட்டர் குட்டைத் தண்ணீர்,
டேங்கருக்குப் பின்னால் ஒரு குறுக்குக் குழாய்,
அதில் நூற்றுப்பத்துத் துளை.
பாசி அடைத்ததைச் சைக்கிள் கம்பியால்
குத்திவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.
குத்தாத நாளில் சாலை வரிவரியாய் நனையும்,
நனையாத வரியில் லாரி ஓடும்.

சித்திரைப்பேட்டை விலக்கிலிருந்து பாலம் வரை
இரண்டரைக் கிலோமீட்டர் கிராவல்.
தார் வருகிறது, வருகிறது என்று
இரண்டு மாசி மகம் போய்விட்டது.
ஒரு ஜல்லி லாரி கடந்தால்
பின்னால் வருகிறவனுக்கு ஊரே இல்லை.

நடைச் சீட்டில் ஐந்து கையெழுத்து.
டீசல் மூன்றுக்குத்தான்.
மிச்ச இரண்டைப்
பேனா தெளிக்கும்.

மூன்றாவது வாரம்
அஞ்சலாட்சி வண்டியை மறித்தாள்.
சாலைக்குக் கிழக்கே, விரித்த வலைமேல் நெத்திலி.
"மண்ணு விழுந்தா கிலோவுக்கு முப்பது ரூபா போவுது.
உன் தண்ணி விழுந்தா மொத்தமும் போவுது.
எதுக்குடா வர்ற நீ?"

நான் புழுதியை அடக்க வந்தவன்.
புழுதிக்கும் எனக்கும் நடுவே
இப்படியொரு மீன் காயுமென்று
யாரும் எழுதித் தரவில்லை.

ஒன்றை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள்.
"மெல்லு."
நறநறவென்று
பல்லுக்கடியில் இரண்டரைக் கிலோமீட்டர்.

அப்புறம்தான் காற்றைச் சொன்னாள்.
பத்து மணிக்குக் கச்சான் ஏறும்,
சாலையை அள்ளி அவள் வலையில் கொட்டும்.
மூன்றுக்குமேல் கடல்காற்று திரும்பிவிட்டால்
எல்லாம் சவுக்குத் தோப்புக்குப் போகும்,
அங்கே ஆடுகள் இருமும், கேட்க ஆளில்லை.
"லாரிக்குப் பின்னாடியே ஓடுற.
காத்துக்கு முன்னாடி வா."

சீட்டில் ஒன்பது, பதினொன்று, ஒன்று என்று
அச்சடித்திருக்கிறது.
காற்றிடம் அதை யாரும் காட்டவில்லை போலும்.

இப்போது ஒன்பதே முக்காலுக்கு இரண்டாம் நடை.
அவள் வலை தொடங்கும் இடத்தில் வால்வை மூடுவேன்.
நாற்பது அடி.
கலியமூர்த்தி குதித்து இரண்டு குடம் இறக்குவான்.
அவள் குனிந்து, வாசலுக்கு வீசுகிற அதே வீச்சில்
நெடுஞ்சாலைக்குத் தெளிப்பாள்.
ஒரு சொட்டு மீன் பக்கம் போகாது.
"இங்க மட்டும் ஏன் குழாய்த் தடம் இல்ல?"
என்று சைட் இன்ஜினியர் கேட்டார்.
துளை அடைச்சிருக்கும் சார், என்றேன்.

போன செவ்வாய் அதிகாரிகள் வந்தார்கள்,
மூன்று கால் வைத்த ஒரு மெஷினோடு.
அன்று எட்டு நடை, நிஜமாகவே எட்டு.
சாலை சேறாகிப் பால்காரர் ஒருவர்
கேன்களோடு வழுக்கினார்.
கச்சான் வீசியும்
மெஷினில் எண் நன்றாகத்தான் வந்ததாம்.

புதன்கிழமை மறுபடி மூன்று.

வண்டியை நிறுத்தி ஜன்னல் வழியாகக் கை நீட்டினேன்.
கேட்காமலே ஒன்று வைத்தாள்.
மென்றேன், கொஞ்ச நேரம்.
இன்னும் கொஞ்சம் இருக்குக்கா, என்றேன்.

"எனக்குத் தெரியாதா" என்று
அடுத்த வலையை உதறினாள்.