கொண்டன்சர்

"எல்லாம் ஒறிஜினலா இருக்கோணும்" எண்டுதான்
அரியாலையிலிருந்து ஏற்றிவந்து இறக்கினான் றொஷாந்தன்.
சீடி நூற்றிருபத்தைந்து.
கறல் பிடித்த ராங்கிக்குள் பல்லிமுட்டை ஓடு.

மக்னெற் மூடிக்கு மூன்று திருகாணி.
மூன்றாவது
ஒரு மணித்தியாலத்தைத் தின்றது.

உள்ளே, கொண்டன்சர் இருக்கவேண்டிய இடத்தில்
ரேடியோவில் கழற்றிய ஒன்று.
பச்சை நிறம், புளியங்கொட்டை அளவு,
சைக்கிள் ரியூப் றப்பரால் இறுக்கிச் சுற்றி
ஈயம் கொஞ்சம் கூடவே ஊற்றி.

யாரோ ஒரு ஆள்
பற்றறியும் பெற்றோலும் வராத ஏதோ ஒரு வருடத்தில்
செய்தி கேட்பதை நிற்பாட்டிவிட்டு
ஓடுவதென்று முடிவெடுத்திருக்கிறார்.
ஆஸ்பத்திரிக்கோ, சங்குப்பிட்டிப் பக்கமோ,
ஈயம் சொல்லவில்லை.

வெட்டி எடுத்தேன்.
ஸ்ரான்லி வீதியில் புதியது ஆயிரத்து நானூற்றைம்பது,
பேரம் பேசி ஐம்பது குறைவு.
பூட்டி, பொயின்ற் இடைவெளி பார்த்து
நாலாவது உதையில்
பிளக்கின் நுனியில் நீலம்.

சில பேர் பழைய சாமானைத் திருப்பிக் கேட்பினம்.
றொஷாந்தன் கேட்கவில்லை,
சத்தத்தை மட்டும் போனில் பதிந்துகொண்டு போனான்.

லாச்சிக்குள் எறிந்ததைப்
பிறகு எடுத்து மீற்றரில் பிடித்தேன்.
முள்
கொஞ்சம் எழும்பி
விழுந்தது.