திருத்தத்தின் மேல் திருத்தம்

ஹாமில்டன், பார்ட்டன் தெரு,
உருக்காலைச் சங்க மண்டபம்.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
உள்ளே ஐம்பத்திரண்டு பேர்,
ஒரு கோப்பி அண்டா, ஒரு தீர்மானம்.
குறிப்பெடுப்பது நான்.
பன்னிரண்டு வருஷமாக நானேதான்,
வேறெவரும் போட்டியிடாத ஒரே பதவி.

தீர்மானம் ஏழு:
படையெடுக்கப்பட்ட நாட்டின் மக்களோடு
இந்தச் சங்கம் தோள் சேர்ந்து நிற்கிறது.
அதுவரைக்கும் எல்லோரும் ஓம்.
அடுத்த இரண்டு சொல்லில்தான் இழுபறி:
ஆயுதம் உட்பட.

ஐலீன் மக்ரே எழுந்தார்.
எண்பத்து மூன்றில் ஏவுகணைக்கு எதிராக
ஒட்டாவாவின் தெருவெல்லாம் நடந்த முழங்கால்,
எழுவதற்கு நேரம் எடுத்தது.
"துப்பாக்கி விற்பவனுக்கு எந்தப் பிணமும் அந்நியமில்லை.
நம் ஓய்வூதியப் பணம் எந்தக் கம்பெனியில் கிடக்கிறது,
போய்ப் பாருங்கள்.
அவன் போரை நீட்டுவான். நாம் கைதட்டுவோமா?"
இதற்குக் கைதட்டினார்கள். எழுதினேன்.

ஒரெஸ்ட் ஹவ்ரிலியுக்
ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தார், புருவத்தில் கரி.
அவருடைய சித்தப்பா மகள்
நிலக்கீழ் ரயில் நிலையத்தில் பிள்ளை பெற்றவள்.
"அவளுக்கு நான் எதை அனுப்ப? இந்தத் தாளையா?
சுருட்டிக் குழலாக்கினால் சுடுமா?"
யாரும் சிரிக்கவில்லை. அவரும்.

பிறகு புத்தகங்கள் எழுந்து பேசின.
ஒன்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு என்றது,
ஒன்று ஸ்பெயின் என்றது.
சிலியிலிருந்து தப்பி வந்த ஹெர்னான் மட்டும்
"எங்களுக்கு ஆயுதம் வரவில்லை, போர்வை வந்தது.
நல்ல போர்வை. இன்னும் இருக்கிறது" என்று உட்கார்ந்தார்.
அதை எந்தப் பக்கம் எழுதுவது?

என்னை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்:
எங்களிடமும் பக்கத்து வீட்டுப் பெரியவன்
பெடியளுக்குத் துவக்குக் கொடுத்தான்.
பயிற்சி கொடுத்தான், சப்பாத்தும்.
நாலு வருஷத்தில் அவனே வந்தான்,
துவக்கைத் திருப்பிக் கேட்டு, ஆயிரமாயிரம் சப்பாத்தோடு.
அதற்கிடையில் பெடியள் ஒருவரையொருவர்
குறிபார்த்துப் பழகியிருந்தார்கள்.
என் அண்ணனை எந்தப் படையும் கொல்லவில்லை.
வகுப்புத் தோழன் கொன்றான்.

ஆனால் இதையும் சொல்லியிருப்பேன்:
விமானம் வந்த பகல்களில்
பதுங்குகுழிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு
அம்மா கடவுளிடம் கேட்டது சமாதானம் அல்ல.
அதைச் சுட்டு விழுத்த ஏதாவது ஒன்று.

ஒன்றை விழுங்கினால் மற்றது மேலே வருகிறது.

எங்களைப் பற்றியும் எங்கோ ஒரு மண்டபத்தில்
இப்படித் திருத்தம் கொண்டுவந்திருப்பார்கள்.
குறிப்பெடுத்தவள் எங்கள் ஊரின் பெயரை
எழுத்துக் கூட்டத் தெரியாமல்
பக்கத்து ஆளைக் கேட்டிருப்பாள்.

டெசிரே திருத்தம் முன்மொழிந்தாள்:
"ஆயுதம் உட்பட" நீக்கி
"அவர்கள் கேட்கும் எல்லா உதவியும்".
அவர்கள் கேட்பதே அதைத்தானே என்றார் ஒரெஸ்ட்.
யார் அந்த அவர்கள் என்றார் ஐலீன்,
அரசா, அகழிக்குள் நிற்பவனா,
மகனை நிலவறையில் ஒளித்து வைத்திருப்பவளா?
திருத்தம் தோற்றது.

வாக்கெடுப்பு.
என் குறிப்பு தமிழில், வேகத்துக்காக.
ஆதரவு இருபத்தேழு. எதிர்ப்பு பத்தொன்பது.
எதிலும் சேராதவர் ஐவர்.
அவர்களுக்கு நான் போடும் அடையாளம் ஃ.
ஆயுத எழுத்து என்று பள்ளியில் படித்தது,
உயிரோடும் நில்லாமல் மெய்யோடும் நில்லாமல்
மூன்று புள்ளியாய் ஒதுங்கியிருப்பது.

ஐம்பத்தொன்று. தலைவர் மறுபடி எண்ணினார்.
"செயலாளர், நீங்கள்?"
என் கை உயர்ந்துதான் இருந்தது, பேனாவோடு.
எப்போதிருந்து, தெரியவில்லை.
"அது வாக்கா, கேள்வியா?"

வாக்கு, என்றேன்.
இருபத்தேழை வெட்டி இருபத்தெட்டு என்று எழுதினேன்.
வெட்டு ஆழமாக விழுந்து அடுத்த தாளிலும் தெரிந்தது.

வாகனத் தரிப்பிடத்தில்
ஐலீனின் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியை
ஒரெஸ்ட் சுரண்டிக்கொண்டிருந்தார்.
அவர் ஜன்னலை இறக்கி
இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார்.
கூட்டம் முடிந்த பிறகு நடந்தது.
குறிப்பில் சேராது.