கால் இஞ்சி

இரண்டாம் சனிக்கிழமை, மூன்று மணி.
கொக்குவில் ரியூசன் கொட்டிலில்
பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் எழும்பிப் போன சூடு
வாங்குகளில் இன்னும் இருக்கிறது.
கரும்பலகையில் ஒரு முக்கோணம்.
"அழிச்சுப் போடாதையுங்கோ" என்கிறாள் றெஜினா,
"என்ரை அடுத்த கட்டம் அதுதான்."

முதலில் விரிப்பது எப்போதும் அவள்தான்.
புருசனின் ஏழு சாரங்கள், அறுபத்து மூன்று சதுரம்.
"ஆறு எண்டுதான் அவருக்குச் சொன்னனான்.
ஏழாவதை மனிசன் இன்னும் கொடியிலை தேடுது."
நாங்கள் சிரிக்கிற நேரம் பார்த்து
ஒரு மூலையை உள்ளங்கையால் மறைக்கிறாள்.
கோடுகள் அங்கே சந்திக்காமல் விலகிப் போகின்றன.
எல்லோரும் கண்டோம், ஒருவரும் காணவில்லை.

நஸ்ரின் கொண்டுவந்தது கறுப்பு.
மச்சாள் தைக்கிற அபாயாக்களின் மிச்சம்,
ஐந்து விதக் கறுப்பு, கறுப்பு நூல்.
ஒன்றும் தெரியேல்லையே என்றோம்.
"கண்ணை மூடிப்போட்டுத் தடவுங்கோ."
விரலுக்குக் கீழே ஒரு கொடி
ஓடி, வளைந்து, இலை விட்டு, திரும்பவும் ஓடியது.
புத்தளத்தில் இருந்த காலம் முழுக்க
உம்மா வாசலில் படர விட்டிருந்ததாம்.
என்ன கொடி என்று கேட்டோம்.
பேர் தெரியாதாம்.

பாலேந்திரா அண்ணை, எங்களுக்குள் ஒரே ஆம்பிளை,
பருத்தித்துறை பஸ்ஸில் கொண்டக்ரராய் இருந்தவர்,
பழைய சீற் றெக்சினில் ஸ்கூட்டிக்குப் போர்வை தைத்திருக்கிறார்.
நான்கு ஊசி முறிந்ததாம்.
"இந்த வெக்கையிலை மனிசருக்கு ஏன் பிள்ளையள் போர்வை?
வெயிலிலை நிக்கிறது அதெல்லோ."
பதில் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.
விசிறியின் கீழ் வியர்த்தபடி
மடியில் பஞ்சு வைத்துத் தைக்கிற கூட்டம் நாங்கள்.

கேதாரகௌரியின் சிவப்பு
ஒரேயொரு தோய்ச்சலில் சாயம் விட்டு
வெள்ளை நட்சத்திரம் எல்லாம் ரோஸ் நிறம்.
மூன்று மாத வேலை.
உப்புப் போட்டு ஊறவிடலாம் என்றார் ஒருவர்,
வினாகிரி என்றார் இன்னொருவர்.
"ஒண்டும் வேண்டாம்.
திருநெல்வேலிச் சந்தையிலை கடைக்காரன்
சாயம் போகாது எண்டு அடிச்சுச் சொன்னவன்.
இதைக் கொண்டுபோய் அவன்ரை மேசையிலை விரிக்கப் போறன்."

புதிதாய் வந்த இன்பமலர் விரித்தபோது
போர்வை சத்தம் போட்டது, சரசரவென்று.
மேலே பூச்சீத்தை, கீழே பருத்தி,
நடுவில் பஞ்சுக்குப் பதில்
முகாமில் கொடுத்த கூடாரச் சீற்.
"எறியவும் ஏலாது, வீட்டிலை விரிக்கவும் ஏலாது.
உள்ளுக்கை வைச்சுத் தைச்சிட்டன்.
புரண்டு படுக்கேக்கை கத்தும். கத்தட்டும்."
தையல் என்னவோ வலு நேர்த்தி.
றெஜினாதான் முதலில் சொன்னாள்.

என் முறை.
சொப்பின் பையைக் கவிழ்த்தேன்:
வெறும் துண்டுகள், பிரித்தெடுத்த நூற்சுருள்.
ஓரத்தில் கால் இஞ்சி விட வேண்டிய இடத்தில்
அரை இஞ்சி விட்டிருக்கிறேன், தொடக்கத்திலிருந்தே.
அண்ணை எழும்பிப் பலகையில் கணக்குப் போட்டார்:
முப்பத்தாறு பொருத்து, பொருத்துக்கு அரை இஞ்சி வீண்.
பதினெட்டு.
ஒரு முழம்.

இருவருக்கென்று அளந்தது
ஒருவருக்கு மட்டாய் வந்திருந்தது.
இப்போது அதுதான் சரியான அளவு என்று
மூன்று கிழமை கட்டிலில் விரித்துப் பார்த்தேன்.
பிறகு பிரித்தேன்.
இதை அவர்களுக்குச் சொல்லவில்லை.

இன்பமலர் ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்தாள்.
ஓரம் நெடுக ஊசித் துளைகள்.
"தண்ணி பட்டா மூடிப்போடும்" என்றாள் கேதாரகௌரி.
"சிலது மூடாது" என்றாள் நஸ்ரின்,
மற்றத் துண்டுகளை அளவு அளவாக அடுக்கியபடி.

ஐந்து மணிக்கு அடுத்த வகுப்பு.
தேத்தண்ணிக் காசு கணக்குப் பார்த்து
வாங்குகளுக்குக் கீழே நூல் பொறுக்கிக்கொண்டிருக்கையில்
கணக்கு மாஸ்ரர் வந்துவிட்டார்.
பலகையை ஒரு கணம் பார்த்தார்,
எந்தப் பிள்ளை செய்ததோ என்று நினைத்திருப்பார்,
பதினெட்டுக்குப் பக்கத்தில்
ஒரு சரி போட்டார்.