சதுர அடி எண்பத்தைந்து

திருவாரூரில் ஒரு கல்யாண மண்டபம்.
நுழைவு ஆயிரத்து இருநூறு, மதியச் சாப்பாடு உட்பட.
கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஜெபராஜ் சார்
வெள்ளைத் திரையில் ஒரு புனல் வரைந்து
“இதுதான் சட்டகம்” என்றார்.

நான் நாளைக்கு ஒன்பது சட்டகம் அடிக்கிறவள்.
அலுமினியம், நாலு மூலை, சாய்த்து வெட்டு,
நடுவே வலை.
கூத்தாநல்லூரில் கொசுவுக்கும் எனக்கும்தான்
வருஷம் முழுக்கத் தொழில்.

மேலே அகன்ற வாய்: ஆயிரம் பேர் பார்ப்பார்கள்.
நூறு பேர் நிற்பார்கள்.
பத்துப் பேர் கேட்பார்கள்.
அடியில், மூக்கு வழியாக, ஒருவர் வாங்குவார்.
மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர்
எங்கே போவார்கள் என்று கேட்டேன்.
சார் சிரித்தார்.
அடுத்த படத்துக்குப் போனார்.

தூள் பறக்கப் பக்கிரிசாமி சட்டம் அறுப்பதைப்
பதினேழு நொடி எடுத்துப் போட்டேன்.
பதினோராயிரம் பேர் பார்த்தார்கள்.
பாதிப் பேரின் எழுத்து எந்த நாட்டு எழுத்தோ.
இதயம் இதயமாக அனுப்பினார்கள்.
ஒரு ஜன்னலும் போகவில்லை.
பக்கிரிசாமி மட்டும் முடிவெட்டிக்கொண்டு வந்தான்,
அடுத்தது எப்ப எடுக்குறோம் என்று.

அதே வாரம் தலைஞாயிறிலிருந்து
ஒற்றைச் சொல்: விலை?
இன்பாக்ஸுக்குக் கூட்டிப் போ, நம்பரை வாங்கு,
பிறகு சொல்; இது சார் பாடம்.
எல்லாருக்கும் தெரிய எழுதினேன்:
சதுர அடி எண்பத்தைந்து. கீல் தனி. வண்டிக் கூலி உண்டு.
கூட்டாளி சபீக்குக்குக் கோபம்.
“லெட்சுமாங்குடிக்காரன் எண்பதுன்னு போடுவான், பாரு.”
போட்டான்.
மறுநாள் எழுபத்தெட்டும் போட்டான்.

நீடாமங்கலத்துக்கு அந்தண்டை, மூணாறு தலைப்பில்
மதகு திறக்கிற லஸ்கர் வீட்டுக்கு நாலு ஜன்னல்.
நான் டேப் பிடித்து முடிப்பதற்குள்
அவர் போன் பன்னிரண்டு தடவை அடித்தது.
“முறை வெள்ளிக்கிழமை.”
“வெள்ளிக்கிழமைங்க.”
“இல்ல, உங்களுக்கும் வெள்ளிதான்.”
ஒரு குரலையும் அடுத்த குரலோடு சேர்த்துப் போடவில்லை.
வெளியே வெண்ணாறு ஒன்றாக வந்து
மூன்றாகப் போய்க்கொண்டிருந்தது;
அதற்குக் கீழே எத்தனையாக என்று
மடைக்காரர்களைத்தான் கேட்கவேண்டும்.
புனல்நாடு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே,
அது கவிழ்த்து வைத்த புனல்.

ஐப்பசியில் ஒற்றை நட்சத்திரம் விழுந்தது.
முத்துப்பேட்டை, தையல்நாயகி:
“வலையா இது. எலி போகலாம்.”
சபீக் அடித்துக் கொடுத்தான்:
உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்.
அதை அனுப்பவில்லை.
வலைச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.
எலிதான் கடித்திருந்தது.
சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.
கம்பி வலை மாற்றிப் பாதிக் காசு கேட்டேன்;
எண்ணி, பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்தார்.
படம் எடுக்கவில்லை, கையெல்லாம் பசை.
ஊர் வந்து சேர்ந்தபோது நட்சத்திரம் மூன்றாகியிருந்தது.
மூன்றுதான்.
கீழே ஒரு சொல்: “வந்தாங்க.”

மார்கழிக்குள் அந்தத் தெருவில் ஆறு வீடு.
சார் வரைந்ததில் இது எந்தக் கட்டம்
என்று தேடினேன்; நோட்டில் அந்தப் பக்கம்
சாம்பார் கொட்டியிருந்தது.
பயிற்சி எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை
என்று அவரும் படிவம் அனுப்பியிருந்தார்.
மூன்று போட்டேன்.
எலி பற்றிச் சொல்லாமல் விட்டதற்காக இரண்டு பிடித்தம்.

இப்போது இரவு பதினொன்றரை.
கோடியக்காட்டிலிருந்து ஒருவர்: விலை?
எண்பத்தைந்துங்க. நீளம் அகலம் சொல்லுங்க.
மூன்று புள்ளி துள்ளுகிறது, நிற்கிறது,
மறுபடி துள்ளுகிறது.
டேப் இல்லையாம்.
கையால் அளந்து சொல்கிறார்:
மூணு முழம், அப்புறம் ஒரு சாண்.

உங்க சாண் எவ்வளவு
என்று கேட்டிருக்கிறேன்.